நாலாயிரம் டாலர் கொடுத்து ரிப்போர்ட் வாங்கணுமா?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கிறோம். தெரிந்தவர்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்து, இப்போது வாரக் கடைசி வந்தால் ஆர்டரைச் சமாளிக்க முடியவில்லை. கமர்ஷியல் கிச்சன் எடுத்து இந்தியன் ஸ்டோர்களுக்கு சப்ளை செய்யலாம் என்று யோசனை. பேங்கில் பிசினஸ் பிளான் கேட்கிறார்கள். அதில் 'மார்க்கெட் சைஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டேன். அமெரிக்காவில் இந்திய ரெடி மாவுச் சந்தை பற்றிய ரிப்போர்ட்டை நாலாயிரம் டாலருக்குத் தருவதாக ஒரு கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது. வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எல்லாமே கவர்ன்மென்ட் சைட்டில் இலவசமாகக் கிடைக்கும் என்கிறார் அண்ணன். சென்சஸ் வெப்சைட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே தேடுவது? சமீபத்தில் அரசாங்கப் புள்ளிவிவரத்தை வைத்து நடந்த கலாட்டாவையெல்லாம் பார்த்தால் அந்த எண்களை நம்பத்தான் முடியுமா?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: வணக்கம். நான் ஒரு பொது நூலகத்தில் வணிகத் தகவல் பிரிவைப் பார்க்கிறவன். இந்த மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் என் அன்றாட வேலை. அண்ணன் சொன்னது முக்கால்வாசி சரி. ரிப்போர்ட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆனால் 'எல்லாமே' கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்தால் இன்னொரு ராத்திரியும் வீணாகும்.

உங்களுக்கு வழி தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 'அமெரிக்காவில் இட்லி மாவு எவ்வளவு விற்கிறது' என்று தேடியிருப்பீர்கள். அதை யாரும் எண்ணவில்லை. ஃபெடரல் அரசில் தகவல் இலாகா என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலைக்கு, ஏதோ ஒரு சட்டத்துக்குத் தேவை என்பதால் எண்ணுகிறது. எண்ணிய பிறகு அதை வெளியே வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே தேடும் பெட்டியில் எதையாவது தட்டுவதற்கு முன்னால், இதை எண்ணியே ஆகவேண்டிய கட்டாயம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். சம்பளமா, தொழிலாளர் துறை. கப்பலில் வந்த உளுந்தா, வரி போடவேண்டிய சுங்கம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்களா, சென்சஸ். வாக்குரிமைச் சட்டத்தின்படி எந்த ஊரில் எந்த மொழியில் வாக்குச்சீட்டு உதவி தரவேண்டும் என்று முடிவு செய்ய மொழிக் கணக்கு வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் உங்கள் மாவு வியாபாரத்துக்கு நாம் இரவல் வாங்கப் போகிறோம்.

முதலில் உங்கள் தொழிலுக்கு ஒரு எண் வேண்டும். நெய்க்ஸ் (NAICS) என்று சொல்வார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து 1997-ல் கொண்டுவந்த தொழில் வகைப்பாடு, ஆறு இலக்கம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், கடைசியாகத் திருத்தியது 2022-ல். சென்சஸ் தளத்தில் நெய்க்ஸ் என்றே ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இட்லி என்று போட்டால் ஒன்றும் வராது. ஆங்கிலத்தில் 'பேட்டர்' என்று போட்டுப் பாருங்கள். வெளியில் வாங்கிய மாவை வைத்துக் கலவையும் குழைத்த மாவும் செய்கிறவர்களுக்கு 311824. நீங்கள் மாவு வாங்குவதில்லை, அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைக்கிறீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் கெட்டுப்போகக்கூடிய தயார் உணவு என்கிற 311991-உம் பொருந்தலாம். சந்தேகம் இருந்தால் நீங்களாக முடிவு செய்யவேண்டாம், சென்சஸுக்கே எழுதிக் கேளுங்கள். வருமான வரிப் படிவத்திலும், பேங்க் லோன் விண்ணப்பத்திலும், பிளானிலும் ஒரே எண் இருப்பது நல்லது. ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்று போட்டுவிட்டு பேங்கில் பதில் சொல்லத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண் கையில் வந்தால் 'கவுன்டி பிசினஸ் பேட்டர்ன்ஸ்' என்ற வருடாந்திரக் கணக்கைத் திறக்கலாம். உங்கள் காலின் கவுன்டியிலும் பக்கத்து டென்டன் கவுன்டியிலும் அந்த எண்ணில் எத்தனை நிறுவனங்கள், எத்தனை ஆட்கள், வருடச் சம்பளம் எவ்வளவு என்று வரும். மளிகைக் கடைகளுக்கு 445110 என்று போட்டால் உங்கள் வாடிக்கையாளர் பக்கமும் தெரியும். ஆனால் இந்தியன் ஸ்டோரும் வால்மார்ட் சூப்பர்சென்டரும் எங்கே எப்படிச் சேர்கின்றன என்று அந்த எண்ணுக்குரிய விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கூட்டவேண்டும். ஆள் எண்ணிக்கை மார்ச் 12-ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலத்துக்கு உரியது. கணக்கு வெளிவருவதற்குள் ஏறக்குறைய இரண்டு வருடம் பழசாகிவிடும். மூன்று நிறுவனங்களுக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் வரிசையையே காட்டமாட்டார்கள். யாருடைய கணக்கு என்று வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு 'நம் ஊரில் போட்டியே இல்லை' என்று பிளானில் எழுதிவிடாதீர்கள். காட்டாத வரிசையைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதுதான் என் மேசையில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

இன்னொன்று. அந்தக் கணக்கில் வருகிறவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்கள் மட்டும். இப்போதைய நிலையில் நீங்களே அதில் வரமாட்டீர்கள். ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு 'நான்எம்ப்ளாயர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று வேறொரு தொகுப்பு இருக்கிறது, வரி ரிட்டர்ன்களிலிருந்து எடுப்பது. வீட்டில் மாவு அரைத்து விற்று அதை ரிட்டர்னில் காட்டும் இன்னொரு அம்மாள் இருந்தால் அவர் அங்கேதான் இருப்பார். காட்டாதவர் எங்கேயும் இல்லை. அவர்கள்தான் உங்கள் நிஜமான போட்டி, அவர்களை எந்த அரசாங்கமும் எண்ணித் தராது. உள்ளூர் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிட விவரமானதாக, 2, 7 என்று முடியும் வருடங்களில் 'எகனாமிக் சென்சஸ்' நடக்கும். கடைசி 2022. விற்பனைத் தொகை வேண்டுமென்றால் அதற்குத்தான் போகவேண்டும்.

இனி உங்களை நிறுத்திவைத்த அந்தப் பக்கம். சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?

இதற்கு 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே'. பத்து வருடத்துக்கு ஒருமுறை தலை எண்ணும் சென்சஸ் வேறு, இது வேறு. வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி எடுப்பது. அதில் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறீர்களா, எந்த மொழி என்று கேட்பார்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும். டேட்டா.சென்சஸ்.கவ் தளத்தில் பி16001 (B16001) என்று அட்டவணை எண்ணையே தேடும் பெட்டியில் போடுங்கள், வார்த்தை எதுவும் வேண்டாம். இடமாக டாலஸ்-ஃபோர்ட்வொர்த்-ஆர்லிங்டன் பெருநகர் வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழே இறங்கி வந்தால் தெலுங்கு ஒரு வரிசை, தமிழ் ஒரு வரிசை, மலையாளமும் கன்னடமும் மற்ற திராவிட மொழிகளும் சேர்ந்து ஒரு வரிசை. 2016 முதல் இப்படிப் பிரித்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய அட்டவணையில் நம்மைத் தனியாகப் பார்க்க முடியாது. நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோ 'அமெரிக்கன் ஃபேக்ட்ஃபைண்டர்' என்ற தளத்தைக் காட்டியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது 2020-லேயே மூடியாகிவிட்டது.

'ஏஷியன் இண்டியன்' என்ற இன அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் கணக்குப் போடுவார்கள். மாவு வியாபாரத்துக்கு அது அவ்வளவாகச் சரிப்படாது. பஞ்சாபிக் குடும்பமும் குஜராத்திக் குடும்பமும் இட்லி சாப்பிடத்தான் செய்கிறார்கள், ஆனால் வாரா வாரம் மாவு பாக்கெட் வாங்குகிறவர்கள் அவர்கள் இல்லை. அந்த எண்ணில் இலங்கைத் தமிழர் விட்டுப்போவார்கள், மலேசியத் தமிழரில் பலரும் விட்டுப்போகலாம். மொழி அட்டவணையில் எல்லோரும் வந்துவிடுவார்கள். தோசை மாவுக்குத் தெற்கத்தி மொழிகளின் மூன்று வரிசையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆசைப்பட்டு 'என் ஜிப் கோடில் எத்தனை தமிழர்' என்று இறங்கினால் அட்டவணை கைவிட்டுவிடும். சிறிய பகுதிகளுக்கு சி16001 என்ற சுருங்கிய அட்டவணைதான். அதில் தமிழும் தெலுங்கும் 'பிற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற வரிசையில் போய் ஒளிந்துகொள்ளும், இந்தியும் குஜராத்தியும் 'பிற இந்தோ-ஐரோப்பிய' வரிசைக்குப் போய்விடும். ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்தில் அந்தப் 'பிற ஆசிய' வரிசை பெரிதாக இருந்தால் பெரும்பாலும் தெலுங்கும் தமிழும்தான் என்று ஊகிக்கலாம். ஊகம் என்று பிளானில் எழுதிவிடுங்கள். பேங்க்காரர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல்-கழித்தல் குறியோடு இன்னொரு எண் இருக்கும். அது பிழை வரம்பு, 90 சதவீத நம்பிக்கை அளவில் போட்டது. 1,200 என்று எழுதி பக்கத்தில் 700 என்று இருந்தால் உண்மையில் 500 ஆகவும் இருக்கலாம், 1,900 ஆகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட எண்ணை வைத்து கிரைண்டர் வாங்கக்கூடாது. ஐந்து வருடத் தொகுப்பை எடுத்தால் வரம்பு சுருங்கும். ஒரு வருடத் தொகுப்பு 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டுமே வரும்.

பிறகு கணக்கு உங்களுடையது. பேசுகிறவர் எண்ணிக்கையைக் குடும்ப அளவால் வகுத்து வீடுகளாக்குங்கள். உதாரணத்துக்கு 10,000 வீடு என்று வையுங்கள். அதில் எத்தனை வீட்டில் வாரம் ஒரு பாக்கெட் வாங்குவார்கள், எத்தனை வீட்டில் சொந்த கிரைண்டர் ஓடுகிறது என்பதை வாஷிங்டனில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. உங்கள் ஆர்டர் நோட்டில்தான் இருக்கிறது. யார் வாராவாரம் வாங்குகிறார், யார் விருந்தாளி வந்தால் மட்டும் வாங்குகிறார், கோடை விடுமுறையில் ஊருக்குப் போனதும் எவ்வளவு விழுகிறது என்று பிரித்துப் போடுங்கள். அந்த நாலாயிரம் டாலர் ரிப்போர்ட்டில் இது இருக்காது என்று அடித்துச் சொல்வேன். பேங்க் பார்க்க விரும்பும் மார்க்கெட் சைஸ் இதுதான். மேலே சென்சஸ் எண், கீழே உங்கள் நோட்டுக் கணக்கு.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். உளுந்து இங்கே இறக்குமதிச் சரக்கு. அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் 'டேட்டாவெப்' என்று ஒரு தளம் வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் காசில்லாமல் பார்க்கலாம். எந்த நாட்டிலிருந்து எத்தனை கிலோ, எத்தனை டாலர் மதிப்பு, மாதவாரியாக. மதிப்பைக் கிலோவால் வகுத்தால் சராசரி இறக்குமதி விலை வந்துவிடும். அதில் கப்பல் கூலி, இன்சூரன்ஸ், வரி சேராது, ஆகவே மொத்த வியாபாரி உங்களிடம் சொல்லும் விலை அதைவிட மேலேதான் இருக்கும். எவ்வளவு மேலே என்று தெரிவதுதான் பேரம் பேச வசதி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே மாதிரியான சுங்கக் குறியீட்டில் 0713.31 என்ற ஒரே எண்ணுக்குள் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்தே கிடக்கின்றன. தாவரவியல்காரர்களுக்கு இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் நேர்ந்த வினை. ஆக அந்த எண்ணில் திடீரென்று விலை இறங்கினால் உளுந்து மலிந்ததா, பாசிப்பயறு நிறைய வந்ததா என்று தெரியாது. திசையைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், விலைப்பட்டியலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அரிசி 1006. இட்லி அரிசிக்குத் தனி வரிசை தேடவேண்டாம். உள்ளூர் அரிசிச் சந்தை எப்படிப் போகிறது என்று வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு தொடர்ந்து எழுதுகிறது, அது போதும்.

இறக்குமதி வரி விகிதத்தையும் அதே ஆணையம்தான் வெளியிடுகிறது. வழக்கமான அத்தியாயத்தில் உள்ள விகிதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. தற்காலிகமாகக் கூட்டிய வரிகள் 99-ஆம் அத்தியாயத்தில் தனியாக இருக்கும். நீங்களே இறக்குமதி செய்யப்போவதில்லை என்றாலும் உங்கள் சப்ளையர் 'வரி ஏறிவிட்டது' என்று விலையைக் கூட்டும்போது எடுத்துப் பார்க்கலாம். அவர் எந்தக் கம்பெனிச் சரக்கைத் தருகிறார் என்று கேட்டு, அந்தப் பெயரை உணவு-மருந்து நிர்வாகத்தின் 'இம்போர்ட் ரெஃபியூசல்' பட்டியலிலும் தட்டிப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் எந்தச் சரக்கு எந்தக் காரணத்துக்காகத் துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டது என்று பெயரோடு போட்டிருப்பார்கள். சப்ளையரை மாற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆள் கூலிக்கு தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம். 'ஃபுட் பேட்ச்மேக்கர்' என்று ஒரு வேலைப்பிரிவு, எண் 51-3092. டாலஸ் வட்டாரத்தில் அவர்களுடைய நடுத்தர மணிக்கூலி என்ன என்று வருடா வருடம் தருகிறார்கள். பிளானில் அந்தக் கூலியை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். தனியார் துறையில் ஒரு ஆளுக்காக முதலாளி செலவழிக்கும் மொத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் சம்பளத்துக்கு வெளியே, அதாவது சோஷியல் செக்யூரிட்டி, இன்சூரன்ஸ், விடுமுறை என்று போகிறது. சின்னக் கிச்சனில் அவ்வளவு ஆகாது என்றாலும் சட்டப்படிக் கட்டவேண்டியதை விட முடியாது. கோல்ட் ஸ்டோரேஜுக்கு கரண்ட் விலை வேண்டுமென்றால் எரிசக்தித் தகவல் நிர்வாகம், டெக்சஸுக்கு வணிக விகிதம் தனியாக இருக்கும்.

போட்டிக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஊரில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக்கூட கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம். இங்கே அது நடக்காது. எல்.எல்.சி. என்ற வகைச் சிறு கம்பெனிகளைப் பதிவு செய்வது மாநிலம், லாப நஷ்டக் கணக்கை யாரும் வெளியே வைப்பதில்லை. ஃபெடரல் அளவில் வெளியே தெரிவது பங்கு விற்று மக்களிடம் பணம் வாங்கியவர்களின் கணக்கு. பங்குச் சந்தை ஆணையத்தின் 'எட்கர்' தளம் அதற்குத்தான். இட்லி மாவுக் கம்பெனி அங்கே இருக்காது. ஆனால் ஆசிய உணவகங்களுக்குச் சரக்கு சப்ளை செய்யும் ஹெச்எஃப் ஃபுட்ஸ் போன்ற நிறுவனத்தின் 10-கே என்ற வருடாந்திர அறிக்கையை எடுத்து 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியைப் படியுங்கள். டிரைவர் கிடைக்காதது, டீசல் விலை, குளிர்பதன வண்டி பழுது, கப்பல் தாமதம் என்று ஒரு உணவு வினியோகக்காரருக்கு என்னென்ன வரும் என்பதை வக்கீல் வைத்து எழுதியிருப்பார்கள். உங்கள் பிளானில் 'ரிஸ்க்' பகுதி காலியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதற்கு இது போதும்.

அதே எட்கரில் பலர் கவனிக்காத ஒன்று, 'ஃபார்ம் சி'. 2016 முதல் சின்னக் கம்பெனிகள் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் சிறு முதலீடு திரட்ட அனுமதி உண்டு. அப்படித் திரட்டுகிறவர்கள் கணக்கைக் காட்டியாக வேண்டும். சாஸ், பிரெட், ஐஸ்கிரீம் என்று உங்கள் அளவுக்கு ஓரளவு நெருக்கமான உணவுக் கம்பெனிகள் சில அதில் இருக்கின்றன. விற்பனை எவ்வளவு, சரக்கு அடக்கம் எவ்வளவு, கையில் பணம் எவ்வளவு என்று பச்சையாகத் தெரியும். பாதிக்கு மேல் நஷ்டக் கணக்காக இருந்தால் பயந்துவிடாதீர்கள். பணம் போதாமல்தானே திரட்ட வந்தார்கள்.

எனக்குப் பிடித்தது சிறுதொழில் நிர்வாகம் வெளியிடும் லோன் பட்டியல். அவர்கள் உத்தரவாதம் கொடுத்த 7(ஏ) கடன்கள் ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இருக்கும். வாங்கியவர் பெயர், ஊர், நெய்க்ஸ் எண், தொகை, எந்த பேங்க் கொடுத்தது, அடைந்ததா, வராக்கடனாக எழுதித் தள்ளினார்களா. எக்செலில் இறக்கி உங்கள் எண்ணையும் டெக்சஸையும் வடிகட்டிப் பாருங்கள். உணவுத் தயாரிப்புக்குக் கடன் கொடுக்கும் பழக்கம் உங்கள் பக்கத்தில் எந்த பேங்க்குக்கு உண்டு என்று தெரிந்துவிடும். இப்போது போய்க்கொண்டிருக்கும் பேங்க் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் மார்க்கெட் சைஸ் பக்கத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் பிரயோஜனம் குறைவு. வராக்கடன் வரிசைகளைக் கேளிக்கையாகப் படிக்காதீர்கள், பெயர்கள் நிஜமான குடும்பங்களுடையது.

பத்துக் கடை திறந்தால் ஒன்பது முதல் வருடமே மூடும் என்று யாராவது பயமுறுத்தினால், தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் வேறொரு கணக்கு இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு முதல் வருடத்தைத் தாண்டுகின்றன, பாதி ஐந்தாவது வருடத்தையும் தாண்டுகின்றன. வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாத எண் அது. மாவு விற்பனைக்கு என்று தனியாக எதுவும் அது சொல்லாது, ஆனால் உறவினர் வாயை மூட உதவும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வேலைவாய்ப்பு அறிக்கையில் மே, ஜூன் மாத எண்களை மொத்தம் 2,58,000 குறைத்துத் திருத்தினார்கள். அன்றே புள்ளியியல் அலுவலகத்தின் தலைவரை ஜனாதிபதி நீக்கினார். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கம் மூடிக்கிடந்ததில் அக்டோபர் மாத விலைவாசிக் குறியீடு வெளிவரவே இல்லை, வேலையின்மைக் கணக்கெடுப்பும் அந்த மாதம் நடக்கவில்லை. அந்தப் பள்ளம் வரிசையில் எப்போதும் இருக்கும். ஆனால் திருத்துவது புதிதல்ல. முதல் எண் போடும்போது எல்லாக் கம்பெனியும் பதில் அனுப்பியிருக்காது, பதில் வரவர எண் மாறும். கடைசியில் வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கில் நாட்டின் வேலைகளில் 95 சதவீதத்துக்கு மேல் அடங்கிவிடும்.

உங்களுக்கு இன்னொரு ஆறுதல். டிவியில் சண்டை போடுவது மாதக் கணக்கைப் பற்றி. நீங்கள் எடுக்கப்போகும் கவுன்டிக் கணக்கும், மொழிக் கணக்கும், லோன் பட்டியலும் மெதுவாக ஊர்கிறவை. அவற்றிலும் ஓட்டை உண்டு. கொரோனா காலத்தில் போதிய பதில் வராததால் 2020-க்கான ஒரு வருட மொழி அட்டவணையை வழக்கமான வடிவில் வெளியிடவே இல்லை. அரசியல் பக்கம் எது எப்படி இருந்தாலும், பயன்படுத்தும் அட்டவணையை இன்றே இறக்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் இடம் மாறும், சில காணாமலும் போகும். மூடிப்போன அரசு இணையதளங்களுக்கு 1997 முதல் ஒரு சுடுகாடே நடத்துகிறார்கள், பெயரே 'சைபர் செமட்டரி'. நடத்துவது டென்டனில் உள்ள வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம், உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அது ஃபெடரல் ஆவணக் களஞ்சிய நூலகமும்கூட. நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இப்படி நூலகங்கள் உண்டு. அங்கே மாணவர் இல்லாத நீங்களும் போய் அரசு ஆவணம் பற்றிக் கேட்கலாம், உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேட்பதற்கு மனிதர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்துக்கு டாலஸிலேயே ஒரு தகவல் பிரிவு உண்டு. மெயில் போட்டால் பதில் எழுதுவார்கள். சென்சஸில் அட்டவணை எடுக்கச் சொல்லித்தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பிளான் எழுதும் உதவிக்கு காலின் காலேஜில் சிறுதொழில் மேம்பாட்டு மையம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள். கிச்சன் லைசென்ஸ் மாநில சுகாதாரத் துறையும் ஊரும் சம்பந்தப்பட்டது, அதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று எச்சரிக்கிறேன். எல்.எல்.சி. பதிவு செய்ததும் 'ஃபெடரல் ரிஜிஸ்ட்ரேஷன் செய்து தருகிறோம்' என்று அரசாங்கக் கடிதம் போலவே தபால் வரும். அரசு ஒப்பந்தங்களுக்கான சாம்.கவ் பதிவுக்கு அரசு ஒரு காசு வாங்குவதில்லை. குப்பையில் போடுங்கள்.

அந்த ரிப்போர்ட் விஷயம். ஃபெடரல் அரசு தயாரித்த புள்ளிவிவரத்துக்கு இந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது, யாரும் எடுத்து அட்டை போட்டு விற்கலாம். விற்கிறவர்கள் எல்லோரும் மோசடி இல்லை. கடைகளின் ஸ்கேனர் விற்பனைக் கணக்கைக் காசு கொடுத்து வாங்கித் தொகுக்கிறவர்களும் உண்டு, அது அரசாங்கத்திடம் இல்லாத சரக்கு. ஆகவே மெயில் அனுப்பியவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எண்கள் எங்கிருந்து எடுத்தவை? டாலஸ் வட்டாரத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? மாதிரிப் பக்கம் தரச்சொல்லுங்கள். அதில் அடிக்குறிப்பெல்லாம் சென்சஸாக இருந்தாலோ, அமெரிக்கா முழுமைக்கும் ஒரே எண்ணாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊர் லைப்ரரி கார்டை எடுத்துக்கொண்டு போய், சந்தை ஆய்வு டேட்டாபேஸ் எதற்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பல பொது நூலகங்களில் உண்டு, வீட்டிலிருந்தே திறக்கலாம்.